கமிட்டியின் சம்மதம்

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கு நான் காரியதரிசியாக இருந்தபோது நடந்தது இது. ஒரு மாலை வாசகசாலையில், பழைய ஆங்கிலேயத் தத்துவ ஞானி ஒருவரைப் பற்றிப் பேசினேன். பிறக்கும்போது எல்லார் மனமும் எழுதாத காகிதம், ஆளப்படுகிறவர்களின் சம்மதம் இல்லாமல் அரசாங்கம் இல்லை என்று அவர் சொன்னதை விளக்கினேன். பலமாகக் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை, தெருக் கூட்டும் முனுசாமி தன் மகளோடு பள்ளி வாசலில் நின்றான். சேரியில் இருப்பவன். என் பேச்சை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான்.

"எல்லார் மனசும் வெத்துக் காகிதம்னு சொன்னீங்களே சாமி. எங்களையும் சேத்துத்தானே?"

"ஆமாம்."

"அப்ப இவள சேத்துக்குங்க சாமி."

"பள்ளிக் கமிட்டி சம்மதிக்கணும், முனுசாமி."

"எங்கள யாரும் சம்மதம் கேட்டதில்லியே" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை.

கமிட்டியிடம் மூன்று மாதம் மன்றாடினேன். இரண்டு பேர் என்னோடு பேசுவதையே நிறுத்தினார்கள். கடைசியில் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைச் சொல்ல, வெயிலில் சேரிக்கு நடந்தேன்.

முனுசாமி என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"அன்னிக்கே மிஷன் பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன் சாமி. இப்போ படிச்சுக்கினு இருக்குது. நீங்க ஏன் இம்மாந்தூரம் அலையறீங்க? செத்த நேரம் நிழல்ல நில்லுங்க."

நின்றேன். தாகத்தில் நாக்கு வறண்டிருந்தது. அவன் வீட்டில் தண்ணீர் கேட்க அன்றும் எனக்கு வாய் வரவில்லை. கமிட்டியைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று இன்றுவரை தெரியவில்லை.