அத்திவாரக் கல்

இன்று காலை துவைக்கிற கல்லில் சவர்க்கார நுரையை வழித்துவிட்டுப் பார்த்தேன். கடைசி எழுத்தும் தேய்ந்து போயிருந்தது. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அந்தக் கல்லில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டாமலே வாசிப்பேன். எங்கள் ஊரான பள்ளிமுனையில் அது பெரிய பெயர்.

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பகுதிக்கு முப்பது வருடம் அதிகாரியாக இருந்தவரின் பெயர் அது. அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு வெள்ளைக்காரத் துரைமார் வருவார்கள், காய்ச்சல் பிடித்துப் போவார்கள். அதிகாரி ஐயா மட்டும் போகவே மாட்டார். புதுத் துரை வந்தால் ஓலைப் பந்தல், வெள்ளை விரித்த கதிரை, மேளம், அத்திவாரக் கல் எல்லாம் தயார். ஊருக்கு ஐயா நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டப் போகிறாராம்! துரை கல்லை வைத்துவிட்டுப் போனதும் அது ஐயாவின் மாட்டுக்கொட்டிலுக்குத் திரும்பிவிடும். அதில் துரையின் பெயர் இராது, ஐயாவின் பெயர் மட்டும்தான்.

"துரைமார் மாறுவினம். ஒவ்வொருக்காலும் புதுசாக் கொத்தேலுமோ?" என்பார். சிக்கனமான மனிதர்.

நல்ல தண்ணீர்க் கிணறு அவர் வீட்டு வளவில்தான் இருந்தது, வாசல் படலையில் பூட்டு. அம்மா நிறைவயிற்றோடு ஒரு கட்டை, ஒரு மைல் தூரம் நடந்து குடம் சுமந்தாள்.

நான்காவது துரைக்குச் செம்பில் தண்ணீர் கொடுக்க என்னை நிறுத்தினார்கள். எனக்கு வயது பன்னிரண்டு, வாய்க்கு இருபது இருக்கும். துரை குடித்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"துரை உன்னோட கதைக்க விரும்புறார். ஏதும் சொல்லு பிள்ளை" என்றார் ஐயா.

"இது உங்கட வளவுத் தண்ணி, எங்களுக்குக் கிணறே இல்லை எண்டு சொல்லுங்கோ. இந்தக் கல்லை முந்தியும் மூண்டுதரம் வைச்சாச்சு எண்டும் சொல்லுங்கோ."

ஐயா கண் இமைக்காமல் இங்கிலீசில் சொன்னார். நீளமாகவே சொன்னார். துரை உருகிப்போய் என் தலையைத் தடவினார்.

"என்ன சொன்னனீங்கள் ஐயா?"

"மகாராசாவுக்காக நீ நாள் தவறாமச் செபம் சொல்லுறாய் எண்டு."

அந்த வருடமே அவருக்கு அரசாங்கத்தின் முதலியார் பட்டம் கிடைத்தது. அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "உன்ர வாயால அவருக்குப் பட்டம் வந்திட்டுது. எனக்குத் தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

அவள் இருக்கும்வரை வரவில்லை. ஐயா ஓய்வு பெற்ற கிழமை, அம்மா அயல் பெண்கள் நாலு பேரோடு போய்க் கொட்டிலில் கிடந்த கல்லை உருட்டிக்கொண்டு வந்தாள். "எங்கட கிணத்துக் கல்லுத்தானே" என்றாள். ஒருவரும் மறிக்கவில்லை. அந்த வளவில் நாய்கூடக் குரைக்கவில்லை.

இப்போது துரையும் இல்லை, அதிகாரியும் இல்லை, வளவும் இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறது. மாதாவே, எத்தனை சாரம், எத்தனை பாவாடை அந்தப் பெயரின்மேல் அடித்துத் துவைத்திருப்போம்! அவருடைய முப்பது வருடத்தை அழிக்க எங்களுக்கு எழுபது வருடம் பிடித்தது.