அடுத்தவர் திரையைப் பார்ப்பவர்

உழவர்கரை பிரவுசிங் சென்டரில் அவர் ஒரு கம்ப்யூட்டரைப் பிடித்துவைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்தவர் திரைகளையே பார்த்து நிற்பார். காக்கிச் சட்டை, பையில் இரண்டு பேனா.

தமிழில் தட்டச்சு செய்யும் இலவச எடிட்டர் மென்பொருள் ஒன்றை அதன் மூல நிரலான சோர்ஸ் கோடிலிருந்து நானே உருவாக்கிக் காட்டுவதாக நண்பர்களிடம் பீற்றியிருந்தேன். மூன்று நாளாகத் திரை நிறையப் பிழைகள். கடைசிப் பிழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல என்னா தப்பு வந்துச்சு?" என்றார் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"சாருக்குக் கம்ப்யூட்டர் வேலையா?"

"இல்ல தம்பி, கோரிமேட்டு ஆஸ்பத்திரில டோக்கன் குடுக்கறேன். வர்றவங்க கடைசியா வந்த வலியத்தான் சொல்லுவாங்க. டாக்டரு மொத வலியத்தான் கேப்பாரு."

திரையை மேலே நகர்த்தி முதல் பிழையைப் பார்த்தேன். எடிட்டருக்குத் தேவையான ஒரேயொரு லைப்ரரி ஃபைல் இல்லை. அதைப் போட்டதும் அத்தனை பிழைகளும் காணாமல்போயின.

நன்றி சொல்லத் திரும்பினால், அவர் அடுத்த நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருடைய கம்ப்யூட்டர் வழக்கம்போல் பாஸ்வேர்டு கேட்டுக் காத்திருந்தது.