இருபத்தைந்து ஆகாதவரின் மனைவி

எங்களுக்குக் கல்யாணமானபோது அவருக்கு இருபத்துமூன்று வயது. ராணுவத்தில் செகண்ட் லெப்டினென்ட், குன்னூரில் வேலை. அந்தக் காலத்தில் இருபத்தைந்து வயது ஆகாத அதிகாரிக்குக் குடும்பப் படியும் கிடையாது, குடும்பத்தோடு தங்கக் குவார்ட்டர்ஸும் கிடையாது. மேலதிகாரியிடம் அனுமதி கேட்காமல் கட்டிக்கொண்டதால், கல்யாணத்தையே மறைத்து வைத்திருந்தோம்.

அவர் மெஸ்ஸில் தங்கினார். நான் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தகரக் கூரை வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாதாரண உடையில் வருவார். பாதையில் ஜீப் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம். "உங்க ஊட்டுக்காரர் எங்கீங்க வேலை?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கடைக்குக்கூடத் தலை குனிந்தே போய்வருவேன்.

ஒரு ஞாயிறு வந்தவர் உட்காரவே இல்லை. வடக்கு எல்லைக்குப் போக உத்தரவு வந்திருந்தது.

"ஏனுங்க, அங்க உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கு யாருங்க சொல்லுவாங்க?"

"தந்தி அப்பாவுக்குத்தான் போகும்" என்றார்.

அவருடைய அப்பா இந்தக் கல்யாணத்தோடு எங்களிடம் பேச்சை முறித்துக்கொண்டவர். என் கணவர் இல்லாமல் போனதுகூடத் தெரியாமல் நான் பொட்டும் பூவுமாகக் காத்திருப்பேன் என்று தோன்றியது.

"கர்னல்கிட்ட சொல்லிப் போடலாமுங்க."

"தெரிஞ்சா வேலையே போயிரும். பேசாம இரு."

மறுநாள் காலை, அவரிடம் சொல்லாமல் கர்னலின் பங்களாவுக்குப் போனேன். வாசலைக் கடந்து போவதும் திரும்பி வருவதுமாக நடந்தேன். காவல் சிப்பாய் "யாரைப் பாக்கணும்மா?" என்று கேட்ட பிறகுதான் உள்ளே போனேன்.

கர்னல் குடகுக்காரர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்: "அலவன்ஸ் கேட்க வந்தீங்களா? இருபத்தஞ்சு ஆகாம தர முடியாது."

"பணம் வேண்டாமுங்க. அவருக்கு ஏதாச்சும் ஆனா தந்தி எனக்கு வரோணுமுங்க. எம்பேரை எழுதிக்குங்க. வேலையை மட்டும் எடுத்துராதீங்க."

கர்னல் ஒரு காகிதத்தை எடுத்து, என் கணவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"பேர் எழுதறேன். உங்க புருஷனை நாளைக்கு என் முன்னால வரச் சொல்லுங்க."

அவருக்குக் கடுமையான திட்டு விழுந்தது, வேலை போகவில்லை. என்மேல் கோபமாகவே ரயில் ஏறினார்.

அதற்குப் பிறகு பயம் வேறு மாதிரி ஆனது. இப்போது தந்தி என் வாசலுக்கே வரும். தபால்காரர் மேடேறி வருவதைக் கண்டாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். "காயிதந்தானுங்க, தந்தி இல்லீங்க" என்று தூரத்திலிருந்தே குரல் கொடுக்கப் பழகிவிட்டார் அவர்.

கடைசியில் ஒரு நாள் தந்தி என் பேருக்கே வந்தது; பனியில் இடது கால்விரல்களை இழந்து அவர் திரும்பி வந்தார். இருபத்தைந்து நிறைந்ததும் குடும்பப் படி வந்தது. அதில் முதல் செலவாக, அந்தக் காலுக்கு அளவெடுத்து ஒரு ஜோடி ஷூ தைக்கக் கொடுத்தோம்.