பக்கத்து இருக்கையில் ஒரு லாரிக்காரன்

இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன் நான். என்னைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துவிட்டு என் பெண்சாதி கார் ஓட்டுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாரய்யா என்றிருப்பேன்.

அவள் பெயர் தேவமலர். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பத்து வயதில் பால்மரக் காட்டில் சைக்கிளோடு விழுந்ததிலிருந்து, சக்கரம் வைத்த எதையும் ஓட்டமாட்டேன் என்றிருந்தாள். தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை. பஸ்ஸில் போவாள், பஸ்ஸில் வருவாள். நான் எவ்வளவு கத்தினாலும் எதிர்த்துப் பேசமாட்டாள். ஆனால் அவள் நினைத்ததுதான் நடக்கும்.

போன வருடம் எனக்கு நாலு நாள் வயிற்றுப்போக்கு. அது நின்ற மறுவாரம் உள்ளங்கால் மரத்தது. அடுத்த நாள் முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தேன். அதற்கடுத்த நாள் காப்பிக் கோப்பையைப் பிடிக்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கே மெஷின் வைத்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கிவிட்டதாம். நரம்பு திரும்பத் தேறும், ஆனால் எப்போது, எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

முதலில் வாய் வந்தது. பாவம், அது மலருக்குத்தான் கஷ்டம். பிறகு கைகள் வந்தன. ஐந்தாம் மாதம் இடது கால் அசைந்தது. வலது பாதம் மட்டும் செத்த மீன் மாதிரி கிடந்தது. பிரேக் மிதிக்கிற கால்! அது வராவிட்டால் நடையும் இல்லை, லாரியும் இல்லை.

தினமும் காலையில் மலர் அந்தப் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள்.

"கட்டை விரல ஆட்டுங்க."

"ஆடலடி! எத்தன தடவ சொல்றது?"

"சரி, நாளைக்குக் கேக்குறேன்."

பாயா ரும்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வாரம் மூன்று முறை பிசியோவுக்குப் போகவேண்டும். மச்சான் ஷங்கர்தான் கூட்டிப் போனான். அவனுக்கு ஷிப்ட் மாறியதும், மலர் என்னிடம்கூடச் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். இரண்டு முறை பெயில். மூன்றாவது முறை பாஸாகி, என் பழைய காரில், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் ஒட்டவேண்டிய 'பி' ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வந்து நின்றாள்.

ஐயோ, அவள் ஓட்டுகிற லட்சணம்! சிக்னலுக்குச் சிக்னல் இன்ஜின் அணைந்துபோகும். நான் வழியெல்லாம் திட்டுவேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டுவாள்.

எட்டாம் மாதம் ஒரு மத்தியானம், பிசியோ முடிந்து கிளேபாங் வழியாக வந்தோம். தேங்காய் ஷேக் கடை ஓரத்திலிருந்து ஒரு கார் திடீரென்று ரிவர்ஸில் எங்கள் முன்னால் வந்தது.

"பிரேக் லா! பிரேக்!" என்று கத்தினேன்.

ஒரு சாண் இடைவெளியில் நின்றோம். "கண்ண எங்கடி வச்சிருக்க?" என்று ஆரம்பித்தேன். அவள் காதில் அது விழவே இல்லை. என் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மிதிச்சீங்க."

"என்னத்த?"

"பிரேக்க."

என் பக்கம் ஏது பிரேக்? குனிந்து பார்த்தேன். வலது பாதம் கீழே கிடந்த ரப்பர் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ மிதிங்க."

எனக்குப் பயம் வந்துவிட்டது. வராமல் போனால்? பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

"வண்டிய ஓரமா போடு மலரு, கத்துறானுங்க."

"கத்தட்டும். மிதிங்க."

மிதித்தேன். இறங்கியது. கொஞ்சம்தான், ஆனால் நான் சொல்லி அது கேட்டது.

மலர் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். மெஷின் வைத்த நாளில்கூட அழாதவள். எனக்கும் தாங்கவில்லை. பின்னால் இருந்த காரிலிருந்து ஒரு மலாய்க்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். சண்டைக்கு வந்தவர் எங்களைப் பார்த்ததும் பதறிப்போய், "ஓகே கா, காக்?" என்று மலாயில் கேட்டார், ஒன்றும் ஆகவில்லையே அக்கா என்று.

மலர் கண்ணாடியை இறக்கினாள். அவருக்குப் புரியாது என்ற நினைப்பே இல்லாமல், தமிழிலேயே சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு பிரேக் மிதிச்சிட்டாரு!"