பெட்டியில் போட்டிருந்த தோல் நிறம்

எங்கள் முதலாளிக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமே இல்லை. அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். திருப்பத்தூரில் அவருடைய பட்டறையில் இரண்டு மெஷின்கள். ஒன்று பிளாஸ்டிக் இழையை உருக்கி, வரி மேல் வரியாக அடுக்கி, கேட்ட பொருளைச் செய்யும். இன்னொன்று பீங்கான் மண்ணை முறுக்கு மாதிரி பிழியும். பிழிந்ததைச் சூளையில் வைத்தால் சுருங்கும் என்பது, பத்துக் கிண்ணங்கள் பாழாகும்வரை அந்த மேதாவிக்குத் தெரியாது. அதற்கும் திட்டு எனக்குத்தான். மெஷினை ஓட்டியவன் நானாயிற்றே.

ஜவ்வாது மலையில் இருக்கும் என் அக்காவுக்கு, சாமை அரைக்கும் மெஷினில் வலது கை விரல்கள் நான்கு போய்விட்டன. மகளுக்கு நிச்சயம் வைத்திருந்தாள்.

"சோத்துக் கையாலதான்டா தட்டு குடுக்கணும். சபையில இந்த மொண்ணக் கைய நீட்டச் சொல்றியா?" என்று போனில் அழுதாள். விரல் செய்து கொண்டுவருகிறேன் என்று சொன்னேன்.

விஷயம் தெரிந்ததும் முதலாளி துள்ளிக் குதித்தார். மனுஷன் இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன். இரக்கமாவது, மண்ணாங்கட்டியாவது! அவருக்கு வேண்டியது விளம்பரத்துக்கு ஒரு போட்டோ. புது இழைச் சுருள் ஒன்றைப் பெட்டியோடு எடுத்து, "ஸ்கின் கலர்ல போடு" என்றார். பெட்டி மேல் அப்படித்தான் எழுதியிருந்தது. உள்ளே இருந்தது வெளுத்த ரோஸ்.

"சார், காப்பிக் கலர் வரவழைக்கலாமா?"

"பெட்டியில இன்னா போட்டிருக்கு, படி. கம்பெனிக்காரனவிட உனக்குத் தெரியுமா?"

தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

நிச்சயத்தன்று காலை முதலாளியும் நானும் மலையேறினோம். விரல்களை அக்கா கையில் பட்டை போட்டுக் கட்டிவிட்டேன். அளவு கச்சிதம். மணிக்கட்டை மடக்கினால் விரல்களும் மடங்கித் தட்டைப் பிடித்தன. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசல் வெளிச்சத்துக்கு வந்து கையைத் திருப்பிப் பார்த்தாள். கறுத்த புறங்கையில் நான்கு வெளுத்த விரல்கள்.

"இன்னாங்க இது, வெள்ளக்காரி வெரலாட்டம் கீது?"

"இதாம்மா ஸ்கின் கலர். இப்டி பாத்து சிரிங்க" என்று முதலாளி செல்போனைத் தூக்கினார்.

அக்கா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பட்டையை அவிழ்த்து, விரல்களை என் கையில் திணித்தாள்.

"அந்தாளு இன்னிக்குத்தான் என்னப் பாக்குறாரு, வுடு. ஒரே வயித்துல பொறந்தவன் நீ. உனக்குமாடா என் தோலு இன்னா கலருன்னு தெரில?"

சபையில் அந்த மொண்ணைக் கையையே நீட்டித் தட்டைக் கொடுத்தாள். என்னால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.