கட்டுப் போடாத டாக்டர்

நான் நான்காவது படித்தபோது எங்கள் நாய் ராணியின் பின்னங்காலில் டிராக்டர் ஏறிவிட்டது. எங்கள் ஊர் பெருமுக்கல்லிலிருந்து அப்பா அதைத் திண்டிவனம் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நானும் அழுதுகொண்டே கூடப் போனேன்.

அங்கிருந்த டாக்டர் தொடையைத் தொட்டுப் பார்த்தார். வலிக்கு ஊசி போட்டார். மெட்ராஸ் பெரிய மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு பக்கம் நிறைய கடிதம் எழுதினார். கட்டு மட்டும் போடவில்லை.

அப்பாவுக்குத் தாளவில்லை. "நீங்களும் டாக்டரு, அவரும் டாக்டரு. நீங்களே பாத்துடக் கூடாதுங்களா?"

"நான் ஆடு, மாடு, கோழி எல்லாத்துக்கும் சேத்துப் படிச்சவங்க. அவரு அதுக்கு மேலயும் ஆபரேஷன மட்டும் தனியாப் படிச்சிட்டு, வருஷக்கணக்கா எலும்பே பாத்துக்கினு இருக்காரு. இது தொடை எலும்பு. மேல கட்டு போட்டா எலும்பு இன்னும் வெலகிடும், உள்ள கம்பி வெச்சாதான் நேராக் கூடும். இங்க எக்ஸ்ரேகூட இல்லீங்க. பெட்டியில அசையாமப் படுக்க வெச்சி ஜல்தியா கொண்டுபோங்க."

எங்கள் ஊரில் கோழிக்குக் கால் ஒடிந்தால்கூட மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். இவருக்கு அதுவும் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரியில், சாத்துக்குடிப் பெட்டிக்குள் ராணியை வைத்துக்கொண்டு மெட்ராஸ் போனோம். வழி நெடுக அது என் விரலை நக்கிக்கொண்டே வந்தது. பெரிய டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்தார், கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நல்லவேளை, கட்டு போடாம அனுப்பியிருக்கார்" என்றார். அன்றே ஆபரேஷன் நடந்தது. ராணி பிழைத்தது.

தையல் பிரிக்கத் திண்டிவனத்துக்கே போகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. டாக்டர் கத்தரிக்கோலை எடுத்ததும், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னேன்: "நல்லவேளை நீங்க கட்டு போடலன்னு மெட்ராஸ் டாக்டரு சொன்னாரு."

அப்பா என் தலையில் குட்டக் கையை ஓங்கினார். டாக்டர் தடுத்துவிட்டார்.

"அப்படியா சொன்னாரு? இன்னொரு வாட்டி சொல்லும்மா."

சொன்னேன். அவர் கம்பவுண்டரைக் கூப்பிட்டு, அவரிடமும் சொல்லச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. இவ்வளவு பேருக்கு முன்னால் மானத்தை வாங்குகிறோம், இந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது உறைக்கிறதா என்று, மூன்றாவது தடவை இன்னும் சத்தமாகச் சொன்னேன்.