அங்கிள் பார்த்துத் தந்த வீடு

அங்கிள் அந்த வீட்டின் சுவரை மோதிர விரலால் தட்டிக் காட்டிய சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. சந்தையில் தேங்காய் வாங்குபவர் தட்டிப் பார்ப்பதைப் போல இரண்டு தரம் தட்டினார். காதைச் சற்றுச் சரித்துக் கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கல்வீடு பிள்ளை. உன்ர பேரப்பிள்ளையள் காலத்துக்கும் நிக்கும்" என்றார். என் கணவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. சுவர் உண்மையில் உறுதியாகத்தான் இருந்தது. அந்தச் சுவரைப் பற்றி அங்கிள் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த மற்ற விஷயத்தைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். ஐம்பது வருடமாகியும் என் வயிறு எரிவது அந்த "அவ்வளவுதான்" என்ற சொல்லை நினைத்துத்தான். எங்கள் ஆட்கள் அதைத்தான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அங்கிள் எங்களுக்கு உறவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்தபோது, எங்களுக்குச் சில வருடங்கள் முன்னதாகவே வந்து காலூன்றியிருந்த கணக்காளர். அந்தக் காலத்தில் ரயிலில் யாராவது தமிழில் பேசுவது கேட்டால் இறங்க வேண்டிய இடத்தை மறந்து திரும்பிப் பார்ப்போம். அப்படிப்பட்ட ஊரில், முன்பின் தெரியாத எங்களை விமான நிலையத்துக்கு வந்து ஏற்றிக்கொண்டுபோனவர் அவர். முதல் சில கிழமைகள் அவருடைய வீட்டில்தான் இருந்தோம். அவருடைய மனைவி, நாங்கள் அன்ரி என்று கூப்பிட்டவர், குளிருக்கு என்று தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். இதையெல்லாம் நான் மறைக்கப் போவதில்லை. அவர்கள் செய்தது பெரிய உதவி. அந்த உதவியைக் கொண்டுதான் எங்கள் வாயை அடைக்கவும் செய்தார்கள்.

வீடு வாங்க வேண்டும் என்ற பேச்சைத் தொடக்கியதே அங்கிள்தான். வாடகை கட்டுவது மடையர் வேலை என்றார். வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ற் ஒருவர் இருக்கிறார், நேர்மையான மனிதர் என்றார். பத்திரங்களைச் சரிபார்க்கும் வக்கீலுக்கு, சொலிசிற்றருக்கு, எங்கே போவது என்று நான் கேட்டபோது, "ஏன் பிள்ளை அலையிறாய்? ஏஜென்றே ஒரு சொலிசிற்றரைப் பிடிச்சுத் தருவார். எல்லாம் ஒரே றோட்டில, ஒரே நாளில முடிஞ்சிடும்" என்றார். வீட்டைச் சோதித்துப் பார்க்க வந்தவரும் அந்த ஏஜென்றின் ஆள்தான். அவர் குழாயைத் திறந்து மூடினார், கூரையை அண்ணாந்து பார்த்தார், நல்ல வீடு என்று சொல்லிவிட்டுப் போனார். கையெழுத்து வைக்கப் போன அன்று ஏஜென்றும் சொலிசிற்றரும் தோளில் தட்டிச் சிரித்துக் கதைத்ததைப் பார்த்து, எவ்வளவு ஒற்றுமையான மனிதர்கள் என்று என் கணவர் சொன்னார். கணவர் பள்ளிக்கூட வாத்தியார். நான் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். இருவரும் படித்தவர்கள்தான். ஆனால் ஒரு வீட்டை விற்பவனுக்காக ஓடித்திரிகிறவனும், வாங்குகிறவனுக்குக் காவலாக இருக்க வேண்டியவனும் ஒரே கோப்பையில் தேநீர் குடித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித்தர வேண்டியவர் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார்.

வீடு பென்டில் ஹில் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், பின்வளவுத் தோட்டம் சரிந்து ஓர் ஓடையில் முடியும் தெருவில் இருந்தது. நாங்கள் பார்க்கப் போன அன்று நல்ல வெயில். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. புதிதாகப் பூசிய வெள்ளை வர்ணம் கண்ணைக் கூச வைத்தது. நான் குசினிக்குள் நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலி ஓரம் வந்து கையை ஆட்டி ஏதோ சொல்வதை ஜன்னலால் கண்டேன். மால்ட்டாத் தீவிலிருந்து வந்தவர் என்று பிறகு தெரிந்தது. நான் வெளியே போவதற்குள் அங்கிள் விரைந்து போய் அவருடன் பேசினார். சிரித்தார், தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார், திரும்பி வந்தார்.

"என்னவாம் அங்கிள்?" என்று கேட்டேன்.

"நல்ல அயல் எண்டு சொல்லுறா. பிள்ளையள் விளையாட நல்ல இடமாம்."

குடிபுகுந்து முதல் மாரி வரும்வரை அது நல்ல அயலாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள், காலையில் தொடங்கிய மழை விடவேயில்லை. மத்தியானம் ஆனபோது பின்வளவைக் காணவில்லை. பழுப்பு நிறத் தண்ணீர் துணி காயப்போடும் கம்பத்தைச் சுற்றிச் சுழன்றது. பின்கதவுக்குக் கீழே பழந்துணிகளைத் திணித்தேன். ஆனால் தண்ணீர் கதவால் வரவில்லை. தரைப் பலகைகளின் இடுக்குகளால் வந்தது. எங்கள் மகளுக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை. அவளைத் தூக்கி மேசையில் இருத்திவிட்டு, கணவர் பள்ளியிலிருந்து வரும்வரை ஒரு கையால் அவளைப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நின்றேன். கணவர் வந்த பிறகு மால்ட்டாப் பெண்மணியும் அவருடைய புருஷனும்தான் வந்து எங்களை மேட்டிலிருந்த தங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

அங்கே துவாயால் மகளின் தலையைத் துடைத்தபடி அந்தப் பெண்மணி என்னைப் பார்த்துக் கோபமாகக் கேட்டார். "சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஏன் இந்த வீட்டை வாங்கினீர்கள்? உங்கள் அப்பாவிடம் நான் சொன்னேனே, பெரிய மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும் என்று?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்ர அப்பா ஊரில் இருக்கிறார்" என்றேன்.

"தொப்பி போட்ட மனிதர். இந்த வேலியில் நின்று சொன்னேன். 'ஓம், தெரியும், அவர்களிடம் சொல்லுகிறேன்' என்றார்."

அந்த நேரம் எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. ஈர உடுப்பினால் என்று நினைத்து அந்த அம்மா என்மீது இன்னொரு போர்வையைப் போட்டார்.

தண்ணீர் வடிந்ததும் நான் முதலில் போனது சொலிசிற்றரிடம். இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்பது நகரசபைக்குத் தெரியும், ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் சொல்லியிருப்பார்கள், நீங்கள் ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டேன். அவர் பேனையை மூடிவிட்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "நீங்கள் கேட்கவில்லையே, மேடம்." எங்களுக்குத் தெரியாததைக் கேட்பதற்காகத்தானே உங்களிடம் வந்தோம் என்றேன். அவர் எழுந்து எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். வாழ்க்கையில் பலர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தத் திறந்த கதவைப் போல எதுவும் என்னைக் கேவலப்படுத்தியதில்லை.

அங்கிள் எங்களைத் தேடி அடுத்த கிழமை தானே வந்தார். கையில் பழக்கூடை. அன்ரியும் கூட வந்தார். பக்கத்து வீட்டு அம்மா சொன்னது உண்மையா என்று நான் கேட்டேன். அவர் மறுக்கக்கூட இல்லை.

"அதுகள் எல்லாத்துக்கும் பயந்த சனம், பிள்ளை. எப்பவோ ஒருக்கா வாற தண்ணி. அதை யோசிச்சா ஆரும் வீடு வாங்கேலுமே?" என்றார். பிறகு என் கணவரின் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இதுக்கு வழி இருக்கு. வெயில் காலம் வரட்டும். ஏஜென்ற் ஆளனுப்பிப் பெயின்ற் அடிச்சுத் தருவார். மதுரைப் பக்கத்தில இருந்து ஒரு டொக்டர் குடும்பம் வந்திருக்கு, வீடு தேடுகினம். நான் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் வாயைத் திறவாமல் இருந்தால் போதும்."

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. நாங்கள் வாங்கியதும் இப்படித்தான். எங்களுக்கு முன் இருந்தவர்களும் ஒரு வெயில் காலத்தில் புதுப் பெயின்றோடு இதிலிருந்து தப்பியவர்கள்தான். கொண்டுவரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏஜென்ற் அங்கிளை ஏதோ விதத்தில் கவனித்துக்கொண்டார் என்பதை அன்ரியே வாய்தவறிச் சொன்னார். "அது சும்மா ஒரு சந்தோஷத்துக்குக் குடுக்கிறது" என்றார்.

அவர்கள் போனபின் என் கணவர் பழக்கூடையைத் தூக்கி மேசையில் வைத்தார். பிறகு, "வேற வழி என்ன இருக்கு?" என்றார். அவரையும் நான் கோபித்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அது பேராசை இல்லை, பயம் என்று தெரிந்தது. அடுத்த மழைக்கு மகளை எங்கே இருத்துவது என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் தெரியும். அதனாலேயே அங்கிள்மீது எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. தான் செய்ததை எங்களையும் செய்ய வைக்கப் பார்த்தார். செய்துவிட்டால் அதன்பின் நாங்களும் அவரைக் கேட்க முடியாது.

வெயில் காலம் வந்ததும் ஏஜென்றின் ஆட்கள் பெயின்ற் அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு சனிக்கிழமை அங்கிள் அந்தக் குடும்பத்தைக் கூட்டிவந்தார். டொக்டர் அமைதியானவர். மனைவி என்னைவிட இளையவர், வயிற்றில் பிள்ளை. அங்கிள் முன்னறையில் நின்று வழக்கம்போல் மோதிர விரலால் சுவரைத் தட்டினார். "கல்வீடு" என்று தொடங்கினார்.

நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "வாம்மா, அறையைக் காட்டுறன்" என்று கூட்டிப்போனேன். சுவரோடு சேர்த்துக் கட்டிய அலுமாரியைத் திறந்து, தொங்கிய உடுப்புகளை ஒரு பக்கம் தள்ளினேன். பெயின்ற் அடிப்பவர்கள் அலுமாரிக்குள் அடிப்பதில்லை. முழங்காலுக்குச் சற்று மேலே, சுவரில் பழுப்பாக ஒரு கோடு நேராக ஓடியது.

"இது என்னக்கா?"

"தண்ணி நிண்ட மட்டம். போன மாரியில வந்தது. கீழ ஒரு கோடு தெரியுது பாருங்கோ, அது எங்களுக்கு முதல் வந்தது."

அவள் அந்தக் கோட்டை விரலால் தொட்டாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று குரல் கொடுத்தாள். டொக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் அங்கிள். நான் எல்லோருக்கும் கேட்கும்படி முழுவதையும் சொன்னேன். வேலியில் நடந்ததையும் சொன்னேன்.

அங்கிள் முகம் கறுத்தது. "உன்ர தலையில நீயே மண்ணள்ளிப் போடுறாய், பிள்ளை" என்றார்.

"ஓம். என்ர தலையிலதான். அவவின்ர தலையில இல்லை" என்றேன்.

அதன் பிறகு எங்களை ஒரு விசேஷத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. அன்ரி தொலைபேசியில் ஒரே ஒரு தரம் பேசினார். "எயார்போட்டில நடுங்கிக்கொண்டு நிண்டனீங்கள். மறந்திட்டீரோ?" என்று கேட்டுவிட்டு வைத்தார். மற்றவர்கள், அவர் உதவிதானே செய்தவர், ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதானே என்றார்கள். நாங்கள் நன்றி கெட்டவர்களானோம். ஆனால் அந்த மதுரைப் பெண் ஒரு நாள் தனியாக ரயில் ஏறி வந்தாள். "அக்கா, வேற வீடு ஒண்ணு பாத்திருக்கோம். யாரை நம்புறதுன்னு தெரியல" என்றாள். நானும் அவளும் அவர்கள் பார்த்த வீட்டுத் தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, மழைக்கு என்ன நடக்கும் என்று கேட்டோம். பிறகு பரமட்டாவில் சொலிசிற்றர் சிலரிடம் போய், அந்த வீட்டை விற்கும் ஏஜென்றைத் தெரியுமா என்று மட்டும் கேட்டோம். தெரியும், நல்ல நண்பர் என்று சொன்னவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை என்று ஒரு கிரேக்கர் எரிச்சலோடு சொன்னார். அவரிடம் உட்கார்ந்தோம். அவர் முதலில் கேட்டதே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான்.

எங்கள் வீட்டை யாரும் வாங்கவில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் அலுமாரியைத் திறந்து காட்டினேன். பல மாரிகளை மேசைமேல் சாமான்களை அடுக்கித்தான் கழித்தோம். கடைசியில் நகரசபையே அந்தத் தெருவின் தாழ்ந்த பக்க வீடுகளை விலைக்கு எடுத்து, இடித்து, புல்வெளியாக்கியது. கிடைத்ததைக்கொண்டு மேட்டில் சின்னதாக ஒன்று வாங்கினோம். மகள் இப்போது வீடு பார்க்கும்போது, "அம்மா, இன்ரநெற்றில் எல்லாம் இருக்கு" என்று சிரிக்கிறாள். இருக்கலாம். தெரிந்தவர் கூட்டிவரும் தெரிந்தவரிடம் ஏமாறும் ஆட்களைப் பற்றி இப்போதும் மாதம் ஒரு கதை கேட்கிறேன்.

அங்கிள் நல்ல வயதுவரை வாழ்ந்து இறந்தார். செத்த வீட்டுக்குப் போனேன்; கணவர் உயிரோடு இருந்திருந்தால் போயிருப்பார் என்பதற்காக. மண்டபம் நிறைந்திருந்தது. பேசிய ஒவ்வொருவரும், புதிதாக வந்த எத்தனை குடும்பங்களுக்கு வீடு எடுத்துக் கொடுத்த மனிதர் என்று சொன்னார்கள். சிலர் அழுதார்கள். அவருடைய மகன் என்னிடம் வந்து குனிந்து, "அன்ரி, நீங்கள் அந்தக் காலத்து ஆள். அப்பாவைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுவீங்களோ?" என்று கேட்டான்.

"ரெண்டு வார்த்தையோட என்னால நிப்பாட்டேலாது, தம்பி" என்றேன்.

துக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்து அவன் என் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.